சரிகை வைத்த கிழங்குப் பை

போன மாதம் கனடாவிலிருந்து என் மச்சாள் ஒரு பார்சல் அனுப்பியிருந்தாள். பிரித்துப் பார்த்தால் ஒரு துணிப்பை. பூப்போட்ட பருத்தித் துணி, உள்ளே மெத்தென்று பஞ்சு, வாய்க்கு ஒரு மடிப்பு. உருளைக்கிழங்கைக் கழுவி ஈரத்தோடு இதற்குள் போட்டு, மைக்ரோவேவுக்குள் வைத்தால் மாவாக அவிந்து வருமாம். தன் கையாலேயே தைத்தாளாம். தொலைபேசியில் அவளுக்கு ஒரே பெருமை.

"மச்சாள், இது இஞ்சை புதுசா வந்திருக்கிற ஐடியா. உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது."

எனக்குத் தெரியாதாம்! என் வயதுக்காரர்களே, நீங்களே சொல்லுங்கள். முதன்முதலாக வீட்டுக்குக் கரண்ட் வந்தபோது சுவிச்சைப் போட்டுப் போட்டு அணைத்து அடி வாங்கிய கூட்டமல்லவா நாம். நமக்குத் தெரியாத புதினம் கனடாவில் என்ன இருக்கிறது? எண்பதுகளின் தொடக்கத்தில், நெல்லியடியில் ஒரு வீட்டில், இதே மாதிரிப் பையில் அவிந்த கிழங்கைத் தின்று வளர்ந்தவள் நான். அந்தப் பையைத் தைத்தவர் அவளைப் பெற்ற தாய், என் மாமி. மச்சாள் அப்போது மாமியின் வயிற்றில் இருந்தாள். அவளுக்குத் தெரியாமல் போனதில் பிழை இல்லை.

மாமா என் அம்மாவின் தம்பி. எங்கள் வீடு கடற்கரைப் பக்கம். எங்கள் பக்கத்து ஆண்கள் மீசை முளைக்க முதலே கப்பலுக்குப் போய்விடுவார்கள். மாமாவுக்குக் கப்பல் குசினியில் சமையல் வேலை. கலியாணம் செய்தது நெல்லியடியில். மாமிக்குச் சீதனமாகக் கொடுத்த கல்வீடு சந்தையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அந்த முறை லீவில் வந்தபோது மாமா வாடகைக் காரின் பின் சீற்றில் ஒரு பெரிய பெட்டியை வைத்து, அதைக் கைக்குழந்தையை அணைப்பதுபோல் அணைத்துக்கொண்டு வந்து இறங்கினார். உள்ளே மைக்ரோவேவ். ஊரில் அதற்குப் பெயர் இல்லை. "நெருப்பில்லாத அடுப்பு" என்றார் மாமா.

அதை ஹோலில் றேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தார்கள். மாமி அதன் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு வைத்தார். அயலட்டைப் பெண்கள் எல்லாரும் வந்து சுற்றி நின்றார்கள். மாமா வந்தவர்களுக்கு வித்தை காட்ட வேண்டுமென்று, விசேஷத்துக்கு எடுக்கும் தங்க ரேகை போட்ட கோப்பையில் ஆறிய தேத்தண்ணியை ஊற்றி உள்ளே வைத்துத் திருகினார். படபடவென்று உள்ளே பொறி பறந்தது. நீல வெளிச்சம். மாமா பாய்ந்து கரண்டை நிற்பாட்டினார்.

"தங்கம்! கோப்பையிலை தங்க ரேகை! உதுக்குள்ளை தங்கம் வைக்கக்கூடாது, பொறி பறக்கும்!"

நின்ற பெண்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தங்கள் தாலிக்கொடியைப் பொத்திக்கொண்டு பின்னுக்குப் போனார்கள். மாமியின் அக்கா மட்டும் அசையவில்லை. அவர் கலியாணம் செய்யாதவர், நல்லூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமயபாட ரீச்சர். கிழமை நாட்களில் அங்கே தங்கிப் படிப்பித்துவிட்டு வெள்ளி பின்னேரம் தங்கச்சி வீட்டுக்கு வருவார். கையிலிருந்த ஒற்றைக் காப்பைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு, "அப்ப தங்கத்தை உது கண்டுபிடிக்கும்" என்று ஆறுதலாகச் சொன்னார். ரீச்சர் சொன்னால் அது சொன்னதுதான். அந்த வசனம் அன்று பின்னேரத்துக்கிடையில் நெல்லியடிச் சந்தைக்கே போய்விட்டது.

அடுத்த நாள் மாமா அதற்குள் மீன் குழம்பைச் சூடாக்கினார். வீடு முழுக்கச் சூடை மீன் மணம். ரீச்சர் சுத்த சைவம். மூக்கைப் பொத்திக்கொண்டு முற்றத்தில் போய் நின்றவர், "இனி உந்தப் பெட்டியிலை வைச்ச ஒண்டும் என்ரை வாயிலை படாது" என்று சொல்லிவிட்டார். மாமி தேசிக்காயும் சாம்பலும் போட்டு உரஞ்சிக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, இனிமேல் இதற்குள் கிழங்கு மட்டும்தான் என்று சத்தியம் பண்ணிக் கொடுத்தார். அன்றிலிருந்து அது கிழங்குப் பெட்டி. ஜப்பான்காரன் எதற்காகச் செய்தானோ, எங்கள் வீட்டில் அது சைவமாகிவிட்டது.

கிழங்குக்கு அந்த நாட்களில் குறையில்லை. தை மாதம் பிறந்தால் மருதனார்மடப் பக்கத்துச் செம்மண்ணில் கிண்டிய கிழங்கு சந்தையெல்லாம் குவியும். தோலில் மண் ஒட்டியபடி, நகத்தால் சுரண்டினால் தோல் உரியும் புதுக் கிழங்கு. ஆனால் பெட்டிக்குள் வைத்த முதல் கிழங்கு வெடித்தது. முள்ளுக்கரண்டியால் குத்திவிட்டு வைத்த இரண்டாவது, தோல் சுருங்கி வத்தலாக வந்தது. மாமா, "கப்பலிலை இப்பிடி வாறேல்லை" என்று தலையைச் சொறிந்தார்.

"கோதம்பமாவை நாங்கள் துணியிலை கட்டித்தானே அவிக்கிறம்," என்றார் மாமி. "கிழங்குக்கு மட்டும் என்ன குறை?"

பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் மா அவிக்கிற எங்கள் பெண்களுக்குத்தான் இந்த யோசனை வரும். மா வந்த வெள்ளைச் சீலைச் சாக்கை வெட்டி, உள்ளே மாமாவின் பழைய வேட்டியை நாலாக மடித்து வைத்து, தையல் மெசினில் ஒரு பை அடித்தார். கழுவிய கிழங்கை ஈரத்தோடு போட்டுப் பெட்டிக்குள் வைத்தார். பெட்டி உறுமியது. வீட்டு லைற் மங்கியது. பக்கத்து வீட்டு றேடியோ முனகியது, வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல், "என்ன, கிழங்கு அவியுதோ?" என்று கேட்டது. பையைத் திறந்தபோது எழும்பிய ஆவியில் மண் மணமும் அவித்த துணியின் மணமும் கலந்திருந்தன. கிழங்கை அழுத்தினால் மாவாக உதிர்ந்தது. உப்பும் மிளகுத்தூளும் தூவி, இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுத் தந்தார் மாமி. அந்த ருசியை எழுத எனக்குத் தெரியாது, அது நாக்கில்தான் இருக்கிறது.

சனிக்கிழமைகளில் நான் அங்கே இருப்பேன். ஒருநாள் பெட்டிக்குள் ஒரு எவர்சில்வர் கரண்டியை மறந்து விட்டுவிட்டேன். மாமி கதவைச் சாத்தமுதல் கண்டுவிட்டார். "கரண்டியை எடு பிள்ளை. தங்கமெண்டில்லை, எந்த லோகமெண்டாலும் பொறி விடும். மாமா புத்தகத்திலை வாசிச்சுச் சொன்னவர்" என்றார். எனக்கு அது ஒரு காதால் வந்து மறு காதால் போனது. என் கவனமெல்லாம் கிழங்கில்.

நான் ஏன் தனியாகப் போனேன், அம்மா ஏன் வரவில்லை என்று கேட்பீர்கள். அங்கேதான் கதையே இருக்கிறது.

மாமாவின் கலியாணத்துக்குக் கூறைச் சேலை எடுத்தவர் என் அம்மா. மாமா கப்பலில் இருந்தபடியால், மாப்பிள்ளை பகுதிக்கு எல்லாமே அம்மாதான். யாழ்ப்பாணப் பட்டணத்தில் கடை கடையாக ஏறி இறங்கி, சிவப்பில் கையகலச் சரிகைக் கரை வைத்த ஒன்றை அசல் சரிகை என்று கேட்டு எடுத்தார். நமக்குத் தெரியும்தானே, தாலி கட்டமுதல் கூறையையும் தாலியையும் தட்டத்தில் வைத்துச் சபைக்குக் கொண்டுவருவார்கள். எல்லாரும் தொட்டு ஆசீர்வதிப்பார்கள். தட்டம் ரீச்சருக்கு முன்னால் வந்தது. தொட வேண்டியவர் தொடவில்லை. கரையைப் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் உருட்டிப் பார்த்தார். பிறகு பக்கத்தில் இருந்தவரின் காதுக்குள் ஒரே ஒரு சொல் சொன்னார்.

"கில்லிட்டு."

போலிச் சரிகையாம். காதுக்குள் சொன்னதுதான். ஆனால் ரீச்சர்மாரின் காதுக்குள் சொல்லும் குரல் வகுப்பின் கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கும். மேளம் அடிக்க முதல் அந்தச் சொல் பந்தலைச் சுற்றி வந்துவிட்டது. அம்மா அன்று அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை சந்நிதி முருகன் கோயிலில் கற்பூரம் கொளுத்தி அணைத்துச் சத்தியம் செய்தார். "நான் எடுத்தது அசல். அசலில்லையெண்டால் என்ரை கை அழுகட்டும். அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கும்வரைக்கும் நான் அந்த வீட்டு வாசல்படி மிதியேன்." அதன்பிறகு வருடக்கணக்காக மிதிக்கவில்லை.

ஆனால் என்னை அனுப்புவார். முருங்கைக்காய், எங்கள் வீட்டுத் தேசிக்காய், வறுத்த மிளகாய்த்தூள் எல்லாம் என் கையில் போகும். மாமி பதிலுக்குக் கிழங்கை அவித்து, பையோடு என் மடியில் வைத்து பஸ் ஏற்றிவிடுவார். கடற்கரைக்கு வந்து சேரும்வரை பை சுடும். அம்மா கிழங்கை எடுத்து, "ஆர் அவிச்சது?" என்று கேட்கவே மாட்டார். தின்பார். பையைத் தோய்த்து, காயவைத்து, மடித்து அலுமாரிக்குள் வைப்பார். திருப்பி அனுப்பவும் மாட்டார். அனுப்பினால் வாங்கினேன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடுமாம்! மாமி ஒவ்வொரு கிழமையும் புதுப் பை தைத்தார். மாச் சாக்கு முடிந்தது, தலையணை உறை முடிந்தது, மாமாவின் வேட்டிகளும் முடிந்தன. எங்கள் அலுமாரியில் பைகள் அடுக்காக இருந்தன.

மாமிக்கு அப்போது மூன்று மாதம். அதற்குமுன் இரண்டு கரு தங்கவில்லை. தாய் இல்லை. மாமா மாசி முடியக் கப்பலுக்குத் திரும்ப வேண்டும். ரீச்சர் கிழமை நாட்களில் நல்லூரில். என் அம்மாவோ எங்கள் ஒழுங்கையில் எத்தனையோ பெண்களுக்குப் பிள்ளைப்பேற்றில் கூட நின்றவர். அவர் கைராசியை ஊரே சொல்லும். ஒருநாள் மாமி கிழங்கு உரித்தபடி, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"இந்த முறையும் தங்காட்டில் எனக்கு இனிப் பெலனில்லை பிள்ளை. கொம்மா வந்து நிண்டால் எனக்குப் பயமில்லை. வருவாவே?"

பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா? ஆனால் அவருக்குக் கேட்க வேறு ஆள் இருக்கவில்லை. நான் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் அப்படியே சொன்னேன். அம்மா நெடுநேரம் அரிசியில் கல்லுப் பொறுக்கினார். "அவளிலை எனக்கு என்ன கோவம்? பாவம். ஆனால் சொன்ன வாய் சொன்னபடி இருக்கேக்கை நான் எப்பிடிப் போறது?" என்றார். அன்று அந்த அரிசியில் கல்லே இருக்கவில்லை.

மாமா போவதற்கு முந்திய சனிக்கிழமை எல்லாருக்கும் மதியச் சாப்பாடு என்று வந்து சொன்னார். "அக்கா, நீங்கள் வராட்டில் நான் பட்டினியாய்த்தான் கப்பல் ஏறுவன்." தம்பி பட்டினி என்றால் அம்மாவுக்குத் தாங்காது. போனோம். ஆனால் வாசல்படியோடு நின்றுகொண்டார். சத்தியமல்லவா? மாமா ஒரு கதிரையைக் கொண்டுவந்து முற்றத்து மாமர நிழலில் போட்டார். உள்ளே ஹோலில் ரீச்சர், சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நிமிர்ந்து இருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் திறந்த கதவு. ஒருவர் முகத்தை மற்றவர் பார்க்காமல் இருப்பதற்கு இருவரும் படாத பாடு பட்டார்கள். நான் உள்ளே இருப்பதா வெளியே இருப்பதா என்று தெரியாமல் வாசல்படியில் குந்தினேன்.

மாமி குசினியிலிருந்து கிழங்கோடு வந்தார். கையில் ஒரு பை. சிவப்புப் பட்டு. வாயைச் சுற்றிக் கையகலச் சரிகை மின்னியது. நான் முதலில் கண்டேன். பிறகு ரீச்சர் கண்டார்.

"என்னடி உது?"

"கூறை அக்கா. பையெல்லாம் மச்சாளின்ரை வீட்டிலை. வீட்டிலை வேறை சீலை இல்லை. தலைப்பை வெட்டித் தைச்சனான்," என்றார் மாமி. முற்றத்துக்குக் கேட்கிற குரலில். மாமி ஒருநாளும் அப்படிச் சத்தமாகக் கதைத்ததில்லை. "கில்லிட்டுத்தானே. வைச்சிருந்து என்ன செய்யிறது?"

அம்மா எழும்பியதையும் கண்டேன், என்னைத் தாண்டியதையும் கண்டேன். வாசல்படியை மிதித்தாரா, தாண்டினாரா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது.

"கூறையை வெட்டினியோ? தாலியோடை உடுத்த சீலையை வெட்டினியோடி!" அம்மாவின் குரல் உடைந்துபோயிற்று. "நீயும் அப்பிடித்தான் நினைச்சியோ? நீயுமோ?"

மாமி கிழங்கைப் பைக்குள் போட்டார், பையைப் பெட்டிக்குள் வைத்தார், கதவைச் சாத்தித் திருகினார். மாமா, "இஞ்சேர், அது..." என்று கையை நீட்டினார். மாமி அவரைத் திரும்பிப் பார்த்தார். மாமா திறந்த வாயை மூடிக்கொண்டார்.

லைற் மங்கியது. பிறகு பொறி பறந்தது. கோப்பையில் பறந்ததெல்லாம் ஒரு பொறியா? சரிகை நெடுக, இழைக்கு இழை, நீலமும் மஞ்சளுமாக வெடித்தது. யாரோ "முருகா" என்றார்கள். மாமா கரண்டை நிற்பாட்டிக் கதவைத் திறந்ததும் பட்டுக் கருகிய நாற்றம் ஹோல் முழுக்கப் பரவியது. மாமி ஈரத் துவாயால் அமத்திப் பையை வெளியே எடுத்தார். கரை கறுத்துப் பொத்தலாகியிருந்தது.

ரீச்சர் கதிரையிலிருந்து எழும்பினார். பையைக் கையில் வாங்கி, அன்றைக்கு உருட்டிய அதே இரண்டு விரலாலும் கரையைத் தொட்டார். விரல் கரியாயிற்று.

"தங்கமெண்டால்தானே பொறி பறக்கும்," என்றார் மெல்ல. பிறகு நேரே அம்மாவுக்கு முன்னால் போய் நின்றார். வேலிக்கு மேலால் அயலட்டைத் தலைகள் தெரிந்தன. ரீச்சர் அவர்களையும் பார்த்துத்தான் குரலை உயர்த்தினார்.

"நாலு பேருக்கு முன்னாலை சொன்னனான். நாலு பேருக்கு முன்னாலையே திருப்பி எடுக்கிறன். அசல்தான். நான் பிழையாச் சொல்லிப்போட்டன் மச்சாள்."

மச்சாள் என்று ரீச்சர் அம்மாவைக் கூப்பிட்டது அதுதான் முதல் முறை. அம்மா அழுதார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, பைக்குள் கையை விட்டு ஒரு கிழங்கை எடுத்துக் கடித்தார்.

"அரை வேக்காடு," என்றார். "நல்ல கிழங்கைப் பழுதாக்கிப்போட்டாள். அடுப்பு எங்கை கிடக்கு?"

குசினிக்குள் போனார். விறகை மூட்டி மிச்சக் கிழங்கைச் சட்டியில் போட்டு அவித்தார். அன்றைக்குப் பந்தியில் ரீச்சருக்கும் அம்மாவுக்கும் பக்கத்துப் பக்கத்து இலை. மாமா கப்பலேறிய கிழமையே அம்மா ஒரு பெட்டியோடு நெல்லியடிக்குப் போனார். அந்த அடுக்குப் பைகளையும் மறக்காமல் கொண்டுபோனார். மாமியைக் கட்டிலை விட்டு இறங்க விடவில்லை. வெள்ளிக்கிழமைகளில் ரீச்சர் வந்ததும் இரண்டு பேருமாக மாமியை அதட்டுவார்கள். ஆவணியில் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. முதலில் கையில் ஏந்தியது என் அம்மா.

கிழங்குப் பெட்டி அடுத்த மாரியில் ஒரு மின்னலோடு பழுதாய்ப் போய்விட்டது. மாமி அதைச் சாப்பாட்டுப் பெட்டியாக்கிப் பாண் வைத்தார், எலி தொடாது. பிறகு வந்த காலம் உங்களுக்குத் தெரியும். பெட்டியும் போயிற்று, மெசினும் போயிற்று, அந்த வீட்டில் கூரையும் மிஞ்சவில்லை. கருகிய பை மட்டும் அம்மாவின் சூட்கேசின் அடியில் எங்களோடு ஊரூராக வந்தது.

அம்மா காலமான பிறகு அதை நான் நகை செய்யும் ஒரு பத்தரிடம் காட்டினேன். எனக்கு எப்போதும் துருவித் துருவி விடுப்பு அறியும் குணம். பத்தர் கருகின இழையைச் சுரண்டினார், உரைத்துப் பார்த்தார், சிரித்தார். "செம்புக் கம்பி, தங்கச்சி. மேலாலை முலாம். கடைக்காரன் நல்லா ஏமாத்தியிருக்கிறான்." எவர்சில்வர் கரண்டி எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் கடை வாசலில்தான். எந்த லோகமெண்டாலும் பொறி விடும். மாமிக்குத் தெரிந்திருக்கிறது. மாமாவுக்கும் தெரிந்திருக்கிறது. அம்மா கற்பூரம் அணைத்தது பொய்க்கல்ல, அவர் உண்மையாகவே நம்பினார். ரீச்சரின் விரல்களோ முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருந்தன. சரியாகச் சொன்னவர் மன்னிப்புக் கேட்டார், ஏமாந்தவர் மன்னித்தார். இரண்டு பேரும் சாகும்வரை சகோதரிகள் மாதிரி இருந்தார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

மாமியின் கடைசிக் காலத்தில் ஒருமுறை கேட்டேன். "மாமி, தெரிஞ்சுதானே சரிகையை வைச்சனீங்கள்?" பல்லில்லாத வாயால் சிரித்தார். "கிழங்கே பிள்ளை, கிண்டுறதுக்கு? புதைஞ்சபடி கிடக்கட்டும்" என்றார். அவ்வளவுதான்.

இதெல்லாம் அறியாமல்தான் கனடாவிலிருந்து ஒருத்தி எனக்குப் பை தைக்கப் படிப்பிக்கிறாள். நான் பொறுமையாகக் கேட்டேன். எந்தத் துணி நல்லதென்று அவளுக்குச் சந்தேகமாம்.

"வெறும் பருத்தி காணும்," என்றேன். "சரிகை மட்டும் வைச்சுப் போடாதை."

"ஐயோ மச்சாள், கிழங்குப் பைக்கு ஆராவது சரிகை வைப்பினமே?"

"கொம்மா வைச்சவ," என்றேன். "வைச்சபடியால்தான் உன்னை ஏந்த என்ரை அம்மா வந்தவ."

நான் சொல்லத் தொடங்கினேன்.